அறுபது லட்சம் கடனும் ஒரு டாக்டர் சீட்டும்

போன வாரம் சிவகாசியிலிருந்து சித்தப்பா மகன் போன் செய்தான். அச்சாபீஸ் வைத்திருக்கிறான். மகளுக்கு நீட்டில் கவர்மென்ட் சீட் கிடைக்கிற அளவுக்கு மார்க் வரவில்லை. "அண்ணே, மேனேஜ்மென்ட் கோட்டாவில கிடைக்கும்ங்கிறாங்க. வீட்டுப் பத்திரத்தை வச்சா அறுபது வரைக்கும் லோன் தருவாங்களா? டாக்டராயிட்டா ரெண்டே வருஷத்துல அடைச்சிர மாட்டாளா?"

நான் பேங்கில் முப்பது வருடம் இருந்தவன். அதில் பாதி கடன் பிரிவில். அவன் கடைசியாகச் சொன்னதை என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ அப்பாக்கள் சொல்லியிருக்கிறார்கள். டாக்டருக்கு வருமானம் உண்டா என்றால் உண்டு, யார் இல்லை என்றது? சீட்டை என்ன விலைக்கு வாங்கினோம், அந்த வருமானம் எந்த வயதில் கைக்கு வருகிறது என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை.

அவனுக்குப் போனிலேயே கணக்குப் போட்டேன். வருடத்துக்கு 12 லட்சம், ஐந்து தவணை, ஆக 60 லட்சம். வட்டி 10 சதவீதம். படிப்பு ஐந்தரை வருடம், அதன்பின் ஒரு வருடம் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி சும்மா இருக்காது. தனி வட்டியாகப் போட்டாலே அந்த ஆறரை வருடத்தில் 27 லட்சம் ஏறிவிடும். 87 லட்சத்தை 15 வருடத்தில் கட்டுவதென்றால் மாதத் தவணை 93,000 சொச்சம். மொத்தமாகக் கட்டி முடிக்கும்போது ஒரு கோடியே 68 லட்சம்.

சரி, வெறும் எம்.பி.பி.எஸ். முடித்த பெண் தனியார் ஆஸ்பத்திரியில் டியூட்டி டாக்டராகப் போனால் என்ன தருவார்கள்? எனக்குத் தெரிந்த பிள்ளைகள் வாங்குவது நாற்பதிலிருந்து அறுபதாயிரம், அதுவும் நைட் டியூட்டியோடு சேர்த்து. அது தவணைக்கே காணாது. தமிழ்நாட்டில் இப்போது எம்.பி.பி.எஸ். இடங்கள் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. 2022 ஜனவரியில் மட்டும் 11 புதிய அரசுக் கல்லூரிகள் திறந்தார்கள், எங்கள் விருதுநகரிலும் ஒன்று. ஊருக்கு நல்லதுதான். ஆனால் இத்தனை பேர் வரிசையில் நிற்கும்போது எந்த ஆஸ்பத்திரி முதலாளி சம்பளத்தைக் கூட்டுவார்?

இதே படிப்பை அரசுக் கல்லூரியில் படிக்கிற பிள்ளைக்கு வருடக் கல்விக் கட்டணம் இருபதாயிரத்துக்குள். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தால் அதையும் அரசே கட்டிவிடுகிறது. அரசு டாக்டர்களை எடுக்கும் எம்.ஆர்.பி. தேர்வில் தேறி உதவி மருத்துவராகப் போனால் அடிப்படைச் சம்பளமே 56,100, அதற்கு மேல் படிகள். இந்தப் பிள்ளைக்கு மருத்துவத்தை விட லாபமான படிப்பே கிடையாது என்று எழுதிக் கொடுப்பேன். பட்டம் ஒன்றுதான், கணக்கு வேறு.

அப்புறம் "யாராவது எம்.பி.பி.எஸ்.ஸோட நிப்பாட்டுவாங்களா?" என்பார்கள். நிறுத்த மாட்டார்கள், அதுதானே செலவே. பி.ஜி. நீட்டுக்கு ஒன்றிரண்டு வருடம், எம்.டி. மூன்று வருடம், இருதயம் நரம்பு என்று போனால் டி.எம். இன்னொரு மூன்று வருடம். பெரிய சம்பளம் கைக்கு வரும்போது வயது 33, 34. பி.ஜி.யையும் பணம் கொடுத்து வாங்குவதானால், முதல் கடனை அடைக்காமலே அடுத்த பத்திரத்தைத் தேட வேண்டும். கூடப் படித்தவன் சாதாரண இன்ஜினியராக இருந்தாலும் அதற்குள் பத்து வருடம் சம்பாதித்து, ஒரு வீட்டுக் கடனில் பாதியை முடித்திருப்பான்.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். டாக்டருக்கு ரிட்டயர்மென்ட் இல்லை. நான் 60 வயதில் மாலை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். எங்கள் தெரு டாக்டர் 75 வயதிலும் சாயங்காலம் கிளினிக்கில் டோக்கன் போட்டுப் பார்க்கிறார். ஐம்பது வயதுக்கு மேல் எடுத்துப் பார்த்தால் டாக்டர்தான் ஜெயிப்பார். ஆனால் அதற்கு முன் அவளுக்கு நாற்பது வயது ஆகும்வரை வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்க வேண்டுமே. அதுவும் அப்பாவின் பத்திரம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது, யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள். மகனுக்குக் கடன் கேட்டு வந்த ஒருவர் என்னிடமே சொன்னார்: "கல்யாணத்துல எடுத்துக்கலாம் சார்." வட்டி விகிதத்தைக் கூட அவர் கேட்கவில்லை. அப்பாக்கள் மகளுக்குக் கடன் கேட்டு வரும்போது இந்த வரி வராது. அவளுக்கு இதே கடனோடு இன்னொரு செலவும் காத்திருக்கும்.

தம்பி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டான். இன்னொரு வருடம் எழுதட்டும், அல்லது அவளையே உட்கார வைத்து இந்த 93,000 தவணையைச் சொல்லிக் கேள், கட்டப்போவது அவள்தானே என்றேன். "சரிண்ணே, நீங்க சொல்றது நியாயம்தான்" என்றான்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு கேட்டான்: "அண்ணே, வீட்டுப் பத்திரத்தை நான் லேமினேஷன் பண்ணி வச்சிருக்கேன். பேங்க்ல அதுக்கு ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?"