ரெண்டு வாரம் மேஜை மேல படுத்துக் கிடந்த எழுத்தாளர்

அமெரிக்கால கட்டுரை எழுதுறவங்கள்ல யாரைப் படிக்கணும்னு யார் கேட்டாலும் நான் முதல்ல சொல்ற பேரு ஜான் மெக்ஃபீ. 1931ல நியூஜெர்சில பிரின்ஸ்டன்ல பொறந்தவர், இன்னிக்கும் அந்த ஊர்தான். நியூயார்க்கர் பத்திரிகைல எழுதணும்னு சின்ன வயசுலேர்ந்தே வெறி, அவங்க வருஷக்கணக்கா திருப்பி அனுப்பிக்கிட்டே இருந்தாங்க, இவரும் டைம் பத்திரிகைல வேலை பாத்துக்கிட்டே விடாம அனுப்பி, கடைசில 1965ல பில் பிராட்லிங்கிற பாஸ்கட்பால் ப்ளேயரைப் பத்தி எழுதின கட்டுரைக்கு அப்புறம்தான் உள்ள சேத்துக்கிட்டாங்க.

அதுக்கப்புறம் அவர் கையில எடுத்த விஷயம்லாம் ஆரஞ்சுப் பழம், மரப்பட்டைப் படகு, சரக்கு ரயில், பாறை. இதையெல்லாம் எவன் படிப்பான்னு தோணும். ஆனா ஆரஞ்சைப் பத்தி மட்டும் ஒரு முழு புக்கு எழுதியிருக்கார், எடுத்தா கீழ வைக்க மனசு வராது.

என்னை ரொம்ப பாதிச்சது 'தி பைன் பேரன்ஸ்'ங்கிற புக்கை அவர் எழுதின கதை. நியூஜெர்சில அந்தப் பேர்ல பெரிய பைன் காடு, மணல் மண்ணு, அடியில அவ்ளோ நல்ல தண்ணி. எட்டு மாசம் போயிட்டு வந்துட்டு, டெண்ட் போட்டுத் தங்கி, மலை மாதிரி நோட்ஸ் சேத்துட்டார், ஆனா எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. வீட்டுக்குப் பின்னாடி தோட்டத்து மேஜை மேல ரெண்டு வாரம் படுத்து மரக்கிளையையே பாத்துக்கிட்டு பயந்துபோய் கிடந்திருக்கார். அப்பதான் ஃப்ரெட் பிரவுன் ஞாபகம் வருது, காட்டுக்குள்ள இருந்த ஒரு கிழவர், பம்புல கொஞ்சம் தண்ணி புடிச்சுக்கலாமான்னு கேட்டுப் போனவரை யாரு என்னன்னு கேக்காம உள்ள கூப்பிட்ட மனுஷன். சேத்து வச்சதுல முக்கால்வாசி விஷயம் இந்தக் கிழவரோட ஏதோ ஒரு விதத்துல ஒட்டிக்குதுன்னு புரிஞ்சதும் புக்கு தொடங்கிடுச்சு. அதாங்க உழைப்பு. திறமை திறமைன்னு சும்மா சொல்லிட்டுப் போயிடுறோம்.

அந்தக் காட்டுல பெரிய ஏர்போர்ட்டும் புது நகரமும் கட்ட அப்ப திட்டம் இருந்துச்சு. காடு கொஞ்சம் கொஞ்சமா சுருங்கிக்கிட்டேதான் போகும்னு நம்பிக்கை இல்லாமதான் 1968ல அவர் புக்கை முடிச்சார். ஆனா பின்னாடி நியூஜெர்சி கவர்னர் ஆன பிரெண்டன் பைர்ன் அதைப் படிச்சவர், 1979ல காட்டைக் காப்பாத்துற சட்டத்தைக் கொண்டுவந்தார், இந்தப் புக்கும் அதுக்கு ஒரு காரணம்னு அவரே சொல்லியிருக்கார். ஒரு கோஷம், ஒரு திட்டு, ஒரு அழுகை இல்லாத புக்குங்க அது! இப்ப அமெரிக்கால கட்டுரைன்னாலே தன் வலி, தன் காயம், தன் குடும்பம்னு ஆகிப்போச்சு, அதுலயும் நல்லது இருக்கு, மறுக்கல. ஆனா தன்னை ஓரமா நிறுத்திட்டு எதிர்ல இருக்கிறவரைப் பேச விடுற எழுத்துக்கு இருக்கிற பலம் வேற.

1999ல மெக்ஃபீ புலிட்சர் பரிசு வாங்கினது நாட்டோட பாறைகளைப் பத்தின தடிமனான புக்குக்கு, ஜியாலஜிஸ்ட்டுகளோட ஹைவே ஓரமா நின்னு நின்னு இருபது வருஷம் எழுதினது. அதுல எவரெஸ்ட் உச்சில இருக்கிறது கடல்ல உருவான சுண்ணாம்புக்கல்லுன்னு வர்ற இடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துச்சு. ஆனா முதல்முறை படிக்கிறவங்க அதைத் தொடாதீங்க, மூச்சு முட்டும். பைன் பேரன்ஸ்லேர்ந்து ஆரம்பிங்க, சின்னப் புக்குதான்.