அனுமதி எல்லையோடு முடிகிறது
அமெரிக்காவின் அண்டை மாநிலங்களான ஓரிகன், வாஷிங்டன் இரண்டிலும் கஞ்சாவுக்கு அனுமதி உண்டு, ஆகவே ஒன்றில் வாங்கி மற்றொன்றுக்குக் காரில் கொண்டுபோகலாம் என்ற கருத்து பரவுகிறது. மன்னிக்கவும், அது சரியல்ல. மாநில எல்லையைத் தாண்டினால் 1970ஆம் ஆண்டின் கூட்டாட்சிப் போதைப்பொருள் சட்டம்தான் பேசும். கடை ரசீதோ, சீல் உடைக்காத பொட்டலமோ காப்பாற்றாது. சொந்த உபயோகத்துக்கான சிறு அளவுக்கே, முதல் முறையிலேயே ஓராண்டு வரை சிறையோ, 1,000 டாலருக்குக் குறையாத அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

அமெரிக்கச் சட்டத் தொகுப்பின் 21ஆம் தலைப்பில் 844ஆம் பிரிவைப் படியுங்கள். இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. கஞ்சாவை மற்ற மாநிலங்களுக்கு அனுப்ப ஓரிகன் 2019இல் இயற்றிய ஏற்றுமதிச் சட்டம்கூட, கூட்டாட்சி அரசு இசைந்தால்தான் நடைமுறைக்கு வரும். விசாவில் இருப்பவர்களுக்குக் குடியேற்றச் சிக்கலும் சேரும். தயவுசெய்து நம்பிக் கிளம்பிவிடாதீர்கள்.