ஒரு முழம் தள்ளிப் பிடியுங்கள்

ரியூசன் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோளோடு தொடங்குகிறேன். கையால் எழுதிய நோட்டைப் படம் பிடித்து வட்சப் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். தாள் முழுக்க நெருக்கி எழுதிய கணக்கு, மேசையில் வைத்துச் சாய்வாக எடுத்த படம், ஒரு மூலையில் எடுத்தவரின் கை நிழல். அது போன் திரைக்கு வரும்போது எழுத்து எள்ளளவுதான் இருக்கும். விரலால் இழுத்துப் பெருப்பித்தால் வரியின் பாதி வெளியே போய்விடும், இடமும் வலமும் தள்ளித் தள்ளி வாசிக்க வேண்டும். அதைவிடச் சுலபம் போனைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டு போவது. பிள்ளை அதைத்தான் செய்கிறது. ஒரு சாண் தூரம், சில நேரம் அதற்கும் குறைவு. அப்படியே குனிந்து இருந்து நாலைந்து பக்கம் கொப்பியில் பார்த்து எழுதுகிறது.

நான் மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிகுடிப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். கரும்பலகையை விட்டுவிட்டுப் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதும் பிள்ளைகளைத் தினமும் காண்கிறேன். கண்ணைச் சுருக்கும், தலையை ஒரு பக்கம் சாய்க்கும், கேட்டால் "விளங்குது மிஸ்" என்று சொல்லும். தாயைக் கூப்பிட்டுச் சொன்னால், "எல்லாம் இந்தப் போன் செய்த வேலை மிஸ், பறிச்சி அலுமாரிக்குள்ள வச்சிட்டன்" என்பார். கண்ணைக் காட்டுங்கள் என்றால் "மறுகா பாப்பம்" என்பார். வேறு சிலர், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடி என்று கடையில் சொன்னதைக் கேட்டு, கூடுதல் காசு கொடுத்து வாங்கிப் போட்டுவிட்டு, இனிப் பயமில்லை என்று இருக்கிறார்கள்.

போனின் வெளிச்சம் கண்ணைப் பழுதாக்கும் என்ற பயம்தான் எல்லாவற்றையும் குழப்புகிறது. நம் வானத்தில் இருந்து வரும் நீல ஒளியோடு பார்த்தால் போன் திரையில் இருந்து வருவது மிகமிகச் சொற்பம். நீல ஒளி தடுக்கும் கண்ணாடிகளைப் பற்றி அதுவரை நடந்த 17 பரிசோதனைகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 2023 இல் தொகுத்துப் பார்த்தது. கணினி வேலையால் வரும் கண் களைப்பை, குறைந்தபட்சம் குறுகிய காலத்தில், அவை சாதாரணக் கண்ணாடியைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்பதுதான் முடிவு. அமெரிக்கக் கண் வைத்தியர்களின் சங்கமும் திரை பார்ப்பதற்காக அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. அந்தக் காசுக்குப் பிள்ளையின் கண்ணை ஒழுங்காகப் பரிசோதித்துக் கொள்ளலாம்.

ரிவிக்குக் கிட்டப் போகாதே என்ற பழைய எச்சரிக்கைக்கு ஒரு காலத்தில் அர்த்தம் இருந்தது. 1967 இல் அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரித்த சில கலர் ரிவிகளில் இருந்து அளவுக்கு மீறி எக்ஸ் கதிர் கசிவதாகக் கண்டுபிடித்தார்கள். அது குழாய் ரிவியின் காலம். இன்றைக்கு நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தட்டை ரிவியில் அந்தக் குழாயே இல்லை. ஒரு பிள்ளை ரிவிக்கு முன்னால் போய்க் குந்துகிறது என்றால், தள்ளி இருந்தால் அதற்குத் தெரியவில்லையோ என்றுதான் முதலில் யோசிக்க வேண்டும். பல வீடுகளில் பிள்ளைக்கு அடி விழுகிறது. விழவேண்டியது டொக்டரின் பார்வை.

சரி, அப்படியென்றால் போனால் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. போனை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. தூரத்துப் பொருளைப் பார்க்கும்போது கண்ணுக்குள் இருக்கும் தசை தளர்ந்திருக்கும். கிட்டப் பார்க்க அந்தத் தசை சுருங்கி, வில்லை தடிக்க வேண்டும். இந்த உழைப்பை டயொப்டரில் அளப்பார்கள். கணக்கு மிகச் சுலபம், ஒன்றைத் தூரத்தால் வகுத்தால் சரி, தூரம் மீற்றரில். இரண்டு மீற்றர் தள்ளி இருக்கும் ரிவிக்கு அரை டயொப்டர். அரை மீற்றரில் இருக்கும் கணினிக்கு 2. ஒரு சாண் தூரத்துப் போனுக்கு 5 அளவில். அதாவது ரிவி பார்ப்பதைப் போலப் பத்து மடங்கு. வீட்டில் பெரும்பாலும் ரிவியைத்தான் திட்டுகிறோம், கையில் இருப்பதைக் கொடுத்து மூலையில் இருத்திவிடுகிறோம்.

2008 இல் வெளிவந்த சிட்னி ஆய்வொன்றில், 12 வயதுப் பிள்ளைகளில் 30 சென்றிமீற்றருக்குக் கிட்ட வைத்து வாசிப்பவர்களுக்கும், இடைவிடாமல் அரை மணிக்கு மேல் வாசிப்பவர்களுக்கும் கிட்டப்பார்வை, அதாவது கிட்டத் தெரிந்து தூரம் மங்குவது, கூடுதலாக இருந்தது. வாசித்தது புத்தகம். போன் அல்ல. இன்னும் பின்னால் போனால், 1867 இல் ஹேர்மன் கோன் என்ற கண் வைத்தியர் இன்று போலந்தில் இருக்கும் பிரெஸ்லாவ் நகரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட மாணவரின் கண்களைப் பரிசோதித்து, மேல் வகுப்புக்குப் போகப் போகக் கிட்டப்பார்வை கூடுகிறது என்று எழுதினார். அன்றைக்கு மின்விளக்குக்கூட வீடுகளுக்கு வரவில்லை. எனக்கு இந்தத் தகவல் மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நாம் போனைப் பறித்துவிட்டு அதே பிள்ளையின் கையில் புலமைப்பரிசில் வினாத்தாள் கட்டைக் கொடுத்து, அதே மூலையில், அதே ஒரு சாண் தூரத்தில் இருத்துகிறோம். கண்ணுக்கு என்ன வித்தியாசம்?

கிட்டப்பார்வை என்பது கண் விழி நீண்டு போவது. பிறக்கும்போது 17 மில்லிமீற்றர் அளவில் இருக்கும் விழி வளர்ந்து 24 அளவில் நிற்க வேண்டும். அதற்கு மேல் ஒரு மில்லிமீற்றர் நீண்டாலே இரண்டரை டயொப்டருக்கு மேல் கண்ணாடி தேவைப்படும். நீண்ட விழி திரும்பச் சுருங்காது. கண்ணாடி போட்டால் தீர்ந்தது என்று விடவும் ஏலாது. 6 டயொப்டரைத் தாண்டிய கிட்டப்பார்வைக்காரருக்குப் பிற்காலத்தில் விழித்திரை கழன்று போகிற ஆபத்தும் கண் நரம்பைப் பழுதாக்கும் குளுக்கோமா நோயின் ஆபத்தும் மற்றவர்களைவிட அதிகம்.

இந்த நீட்சி தொடங்காமல் பார்த்துக்கொள்ள இன்று நமக்குத் தெரிந்தவற்றில் மிகவும் நம்பகமானது வெளிவெளிச்சம். சிங்கப்பூரிலும் சிட்னியிலும் வாழும் சீன வம்சத்துப் பிள்ளைகளை ஒப்பிட்டார்கள், வயது ஆறு, ஏழு. சிங்கப்பூரில் 29 வீதத்துக்குக் கிட்டப்பார்வை. சிட்னியில் 3 வீதம்தான். சிட்னிப் பிள்ளைகள் குறைவாகப் படித்தார்களா என்றால் இல்லை, புத்தகம் கூடுதலாகவே வாசித்தார்கள். ஆனால் கிழமைக்கு 14 மணித்தியாலம் அளவில் வெளியில் நின்றார்கள். சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது வெறும் 3. பிறகு சீனாவின் குவாங்சோவில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியே விட்டுப் பார்த்தார்கள். மூன்று வருடத்தில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள், அப்படி விடாத பாடசாலைகளில் 39.5 வீதம், விட்ட பாடசாலைகளில் 30.4 வீதம். பாடசாலை நேர அட்டவணையில் ஒரே ஒரு பாடவேளை செய்த வேலை இது.

பிரகாசமான வெளிச்சத்தில் விழித்திரை டோபமின் என்ற பொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது, அது விழியின் நீட்சியைத் தடுக்கிறது என்பதுதான் பெரும்பாலான ஆய்வாளர் ஏற்கும் விளக்கம். வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள், நல்ல விளக்கெரியும் வகுப்பறையிலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். வெளியில் மர நிழலில் நின்றாலே பல ஆயிரம். "வெயிலில திரிஞ்சி கறுத்துப் போகாத" என்று கத்தும் அம்மாமாருக்கு இதைச் சொல்கிறேன்: வெயில் தேவையில்லை, பூவரச மர நிழல் போதும். நாலு மணிக்குப் பிறகு கல்லடிக் கடற்கரையோ வாவிக்கரையோ கோயில் வீதியோ போதும். நம் மாவட்டத்தில் வானத்துக்குப் பஞ்சமில்லை.

பஞ்சம் நேரத்துக்கு. ஒன்றரைக்குப் பாடசாலை விட்டு, சாப்பிட்டுக் கை காயமுதல் ரியூசன். தகரக் கொட்டகை, நெருக்கியடித்த வாங்கு, ஒரு விளக்கு. அங்கிருந்து இன்னொரு வகுப்பு. வீடு வர இருட்டிவிடும். சனி ஞாயிறு காலையில் இருந்தே. பிறகு இரவு வட்சப்பில் வந்த அந்த நோட். இந்தப் பிள்ளை எப்போது வானத்தைப் பார்க்கும்? வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் இருந்து கிழக்கே உள்ள எழுவான்கரைக்கு ரியூசனுக்கு வருகிற பிள்ளைகளாவது பயணத்தில் கொஞ்சம் வெளிச்சம் காண்கிறார்கள். டவுன் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. தரம் 5 வரைக்கும் பின்னேரம் நாலரைக்குப் பிறகு வகுப்பு வைப்பதில்லை என்று ரியூசன் நடத்துபவர்கள் கூடி முடிவெடுத்தால் ஒருவருக்கும் வருமானம் குறையாது. எல்லோரும் ஒன்றாக நிறுத்தினால் போட்டியும் இல்லை.

போன் தேவைப்படும் பாடத்துக்கு வழி இருக்கிறது. முழங்கையில் இருந்து விரல் நுனி வரை பிள்ளையின் கையால் ஒரு முழம் அளந்து, அந்தத் தூரத்தில் பிடிக்கச் சொல்லுங்கள். மேசையில் சாய்த்து வைத்தால் இன்னும் நல்லது. படுத்திருந்து நுளம்பு வலைக்குள் பார்க்கும்போது போன் தானாக முகத்துக்கு வந்துவிடும், அதற்கு மட்டும் இடம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ரிவியில் இணைக்க முடிந்தால் யூரியூப் பாடத்தை ரிவியில் போடுங்கள், பெரிய எழுத்து, இரண்டு மீற்றர் தூரம், கண்ணுக்குச் சுகம். ஆசிரியர்கள் நோட்டைப் பெரிய எழுத்தில் தட்டச்சு செய்து அனுப்பலாம், இல்லாவிட்டால் அச்சடித்தே கொடுக்கலாம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை யன்னலுக்கு வெளியே தென்னை மரத்தைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். திரை பார்க்கும்போது நாம் இமைப்பது பாதிக்கும் கீழே குறைந்துவிடும், எரிச்சலும் மண் விழுந்தது போன்ற உறுத்தலும் அதனால்தான். அது ஓய்வெடுத்தால் மாறும்.

பெரியவர்களுக்கும் ஒன்று. நாற்பது தாண்டி எழுத்து மங்கினால் அது வெள்ளெழுத்து, போன் பார்க்காதவருக்கும் வரும். ஆனால் சீனி வருத்தம் உள்ளவர்கள் "போன் பார்த்துக் கண் மங்குது" என்று தங்களுக்குத் தாங்களே காரணம் சொல்லிக்கொண்டு இருப்பதைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சீனி விழித்திரையைச் சத்தமில்லாமல் தின்னும். வருடத்துக்கு ஒருமுறை கண் கிளினிக்கில் விழித்திரையைக் காட்டியே ஆகவேண்டும்.

பொம்பிளைப் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்குக் கலியாணம் பேசும்போது குறை சொல்வார்கள் என்று கண்ணாடியை ஒளித்து வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. கண்ணாடி போட்டால் பவர் கூடும் என்று பயந்து குறைந்த பவரில் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். மலேசியாவில் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே குறைந்த பவரில் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள், 2002 இல் முடிவு வந்தது. குறைவாகப் போட்ட பிள்ளைகளுக்குத்தான் கிட்டப்பார்வை வேகமாகக் கூடியிருந்தது.

பாடசாலையில் மருத்துவப் பரிசோதனை நடக்கும் நாளில் பிள்ளையை வீட்டில் மறிக்காதீர்கள். அது வரும்வரை வீட்டிலேயே ஒன்று செய்யலாம். எதிர்ச் சுவரில் கலண்டர் இருக்கும். பிள்ளையைத் தள்ளி நிறுத்தி, ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, அழுத்தாமல், திகதியை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும்போது நல்ல கண் மற்றதன் குறையை மறைத்துவிடும், அதனால் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தடுமாறினால் அந்தக் கிழமையே கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒரு கண் மட்டும் சோம்பிப் போகும் நோயை ஏழெட்டு வயதுக்கு முன் பிடித்தால் பெரும்பாலும் சரிப்படுத்தலாம், பிந்தினால் கஷ்டம்.