குதிரைச் சவாரி எலும்புப்புரை நோயைக் குணப்படுத்தாது

‘அறுபதைக் கடந்தவர்கள் குதிரைச் சவாரி செய்தால் எலும்புப்புரை நோய் நீங்கும், மாத்திரையை நிறுத்திவிடலாம்’ என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. நடக்கும் குதிரையின் முதுகசைவு, நாம் நடக்கும்போது அசைவதைப் போலவே சவாரி செய்பவரின் இடுப்பையும் முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் அசைப்பதால், முதியோரின் உடற்சமநிலை மேம்படக்கூடும் எனச் சில சிறிய ஆய்வுகள் கூறுவது உண்மையே. ஆனால் அது நோயைக் குணப்படுத்துவதாகாது. சொல்லப்போனால், எலும்பு மெலிந்தவர் குதிரையிலிருந்து விழுந்தால் இடுப்பெலும்பே முறியலாம். 1969இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டு இன்று பாத் இன்டர்நேஷனல் எனப்படும் சிகிச்சைக் குதிரையேற்ற அமைப்பின் நெறிமுறைகளும் இந்நோயாளிகளுக்கு எச்சரிக்கை விடுக்கின்றன. அவற்றைப் பார்த்தோ மருத்துவரிடம் கேட்டோ சரிபார்க்கலாம். கடிவாளம் பிடிக்க ஒருவரும் இருபுறமும் துணைக்கு ஆட்களும் தலைக்கவசமும் இருந்தாலும் மருத்துவரின் ஒப்புதல் அவசியம். அச்செய்தியை மேலும் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.