மூன்றாம் மாதம் சாப்பிடுவது ஆணா பெண்ணா என்று முடிவு செய்யாது

"மூன்று மாதம் வரை கருவுக்கு ஆண், பெண் கிடையாது, அதற்குள் தாய் இதைச் சாப்பிட்டால் ஆண் குழந்தை" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி குடும்பக் குழுக்களில் சுற்றுகிறது. தவறு.

பாலினத்தை முடிவு செய்பவை எக்ஸ், ஒய் என்ற குரோமோசோம்கள், அதாவது மரபணுக்களைத் தாங்கும் இழைகள். கருமுட்டையில் எப்போதும் எக்ஸ்தான். விந்தணு எக்ஸ் கொண்டுவந்தால் பொதுவாகப் பெண், ஒய் கொண்டுவந்தால் ஆண். கருவுறும் நொடியிலேயே அது முடிந்துவிடுகிறது. அப்புறம் எத்தனை குங்குமப்பூ போட்டாலும் பால்தான் மஞ்சளாகும்.

செய்தியில் ஒரு துளி உண்மை உண்டு. ஏறக்குறைய ஆறாவது வாரம் வரை இருபாலருக்கும் இனப்பெருக்கச் சுரப்பி ஒரே மாதிரிதான் இருக்கும். பிறகு ஒய்-இல் உள்ள எஸ்ஆர்ஒய் மரபணு விழித்து, அதை விரையாக மாற்றத் தொடங்கும். 1990-இல் லண்டன் ஆய்வாளர்கள் இந்த மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். அடுத்த ஆண்டு, இரண்டு எக்ஸ் கொண்ட எலிக்கருவில் இந்த ஒரு மரபணுவைச் சேர்த்தார்கள். விரையோடு ஆண் எலி பிறந்தது! தீனியை யாரும் மாற்றவில்லை.

சந்தேகமா? வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் அறிவியல் புத்தகத்தில் மரபியல் பாடத்தைப் பாருங்கள், அல்லது மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். பெண் பிறந்தால் மருமகளைக் குறைசொல்ல இந்தச் செய்தி இன்னொரு சாக்காகிவிடுகிறது. உங்களுக்கு வந்தால், தயவுசெய்து யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.