பத்துப் பொருத்தம், பதினொரு பேர்

(யாழ்ப்பாணம், கொக்குவில். மாமரத்தின் கீழ் ஒரு சாய்மனைக் கதிரை. ஓய்வுபெற்ற கலியாணத் தரகர் சின்னத்துரை பத்திரிகையால் விசிறிக்கொண்டிருக்கிறார். மரண அறிவித்தலைப் படித்து முடித்த பிறகு பத்திரிகைக்கு வேறு என்ன வேலை? கேற்றைத் திறந்துகொண்டு குகன் வருகிறார். சைக்கிளும் மகனும் ஒழுங்கையில் நிற்கிறார்கள்.)

குகன்: ஐயா, ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும்.

தரகர்: இரும். தொழிலை விட்டு நான்கு வருடம். கால்தான் ஓய்ந்தது, வாய் ஓயவில்லை. ஆணா, பெண்ணா?

குகன்: ஆண். ஒரே மகன்.

தரகர்: வயது?

குகன்: வருகிற டிசெம்பரில் பத்து முடிகிறது.

தரகர்: (பத்திரிகை கீழே விழுகிறது) பத்தா? எழும்பும் காணும்! இந்த வயதில் என்னைப் பொலிஸ் நிலையத்தில் உட்கார வைக்கப் பார்க்கிறீரா?

குகன்: ஐயோ, கலியாணம் இல்லை ஐயா. உதைபந்தாட்டப் பயிற்சிக்குச் சேர்க்க வேண்டும். மூன்று இடம் விசாரித்துவிட்டேன், எது சரியென்று தெரியாமல் நித்திரை இல்லை. நீங்கள் இரண்டு பேரன்களை இந்த விளையாட்டுக்காகக் கூட்டிக்கொண்டு திரிந்தவர் என்று சொன்னார்கள்.

தரகர்: அப்படிச் சொல்லும். இது கலியாணத்தை விடக் கஷ்டம். கலியாணத்தில் ஒரு மாமியார்தான். இதில் கம்பிவேலி நெடுகிலும் மாமியார்கள் நின்று கத்துவார்கள். யார் தந்த யோசனை இது?

குகன்: ரொரன்ரோவில் இருக்கிற அக்கா. அவளுடைய மகன் அங்கே போட்டி அணியில் ஆடுகிறான். சனிக்கிழமை ஒரு நகரம், ஞாயிற்றுக்கிழமை வேறொரு நகரம். இப்போது சேர்க்காவிட்டால் காலம் கடந்துவிடும் என்கிறாள்.

தரகர்: பத்து வயதில் என்ன காலம் கடக்கிறது? மெஸ்ஸியே 13 வயது வரை சொந்த நாட்டில் ஆடிவிட்டுத்தான் பார்சிலோனாவுக்குப் போனவர். சரி, முதல் வரனைச் சொல்லும்.

குகன்: (ஒரு துண்டுப்பிரசுரத்தை விரிக்கிறார்) பளபளத்த தாள் ஐயா. ‘சர்வதேசத் தரம். ஐரோப்பியப் பயிற்சிமுறை. வெளிநாட்டுத் தொடர்பு. தேசிய அணியில் இடம் பிடிக்க உத்தரவாதம்.’

தரகர்: இந்த வசனங்களை நான் எத்தனை மாப்பிள்ளைகளுக்கு எழுதியிருப்பேன்! வெளிநாட்டுத் தொடர்பு என்றால் பெரியப்பா சுவிஸில் இருக்கிறார் என்று அர்த்தம். தேசிய அணிக்கு உத்தரவாதமா? 2023 ஜனவரியில் நம் நாட்டு உதைபந்தாட்டச் சம்மேளனத்தையே உலக அமைப்பான ஃபிஃபா இடைநிறுத்தி, ஓகஸ்ட் வரை வெளியே நிறுத்தி வைத்தது. அணிக்கே உத்தரவாதம் இல்லை, இவர் உமக்குத் தருகிறாராம். பயிற்றுநர் என்ன படித்தவர்?

குகன்: நன்றாக ஆடியவராம். அலுமாரி நிறையக் கிண்ணம்.

தரகர்: நன்றாகச் சாப்பிடுகிறவன் எல்லாம் சமைப்பானா? ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு டி, சி, பி, ஏ, புரோ என்று படிப்படியாகப் பயிற்றுநர் சான்றிதழ் கொடுக்கிறது. இவர் எந்தப் படியில் நிற்கிறார்? சிறுபிள்ளைகளோடு எத்தனை வருடம் மாரடித்தவர்? கேட்டீரா?

குகன்: கேட்டால் மரியாதைக் குறைவாகப் போய்விடுமோ என்று...

தரகர்: மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கிறபோது மட்டும் ஒருவருக்கும் மரியாதை குறுக்கே வருவதில்லை. சீதனம் எவ்வளவு?

குகன்: மாதம் 4,000 ரூபாய். தாங்கலாம்.

தரகர்: அது வெளிச்சீதனம். உள்சீதனத்தைச் சொல்லும்.

குகன்: சேரும்போது 5,000. உடுப்பு இரண்டு சோடி, பை எல்லாம் அவர்களிடமே வாங்க வேண்டும், 6,500. பிறகு வருடத்தில் இரண்டு முறை கொழும்புப் போட்டி, ஒவ்வொன்றுக்கும் 9,000.

தரகர்: (விரல் மடிக்கிறார்) 48,000, 53,000, 59,500... ஆக 77,500. சப்பாத்து இன்னும் வாங்கவில்லை. வளர்கிற பிள்ளை, வருடத்துக்கு இரண்டு சோடி தின்னும். நடுவில் விலகினால் காசு திரும்ப வருமா?

குகன்: தாளில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை.

தரகர்: இருக்காது. கொழும்பில் இரவு பிள்ளைகளோடு யார் தங்குகிறார்? எந்த அறையில்? பொறுப்பான பெரியவர்கள் எத்தனை பேர்? காசை விட்டாலும் இதை விடாதேயும். போனமுறை போட்டியில் அவர்களுடைய எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்களா?

குகன்: பதினெட்டுப் பேர் போனார்கள். ஏழு பேர் தண்ணீர்ப் போத்தல் பிடித்தார்கள்.

தரகர்: 400 கிலோமீட்டர் போய்ப் போத்தல் பிடிப்பதற்கு 9,000! வீட்டுக் கிணற்றடியில் இலவசமாகப் பிடிக்கலாம். சரி, பிள்ளையின் பிறந்த திகதி?

குகன்: டிசெம்பர் 17. நட்சத்திரம்...

தரகர்: நட்சத்திரம் வேண்டாம். மாதம் போதும். தோஷம் இருக்கிறது.

குகன்: (எழுந்துவிடுகிறார்) செவ்வாயா ஐயா?

தரகர்: ஜனவரி! வயதுப் பிரிவை ஜனவரி முதலாம் திகதியில் வெட்டுகிறார்கள். அந்த வருடம் ஜனவரியில் பிறந்தவனும் உம்முடைய மகனும் ஒரே பிரிவு. அவன் ஏறக்குறைய ஒரு வருடம் மூத்தவன். பத்து வயதில் ஒரு வருடம் என்றால் அரை முழம் கால். தெரிவு நாளில் அவன் ஓடுவான், இவன் துரத்துவான். பார்க்கிறவர் அவனுக்குத் திறமை என்று எழுதிக்கொள்வார். உம்முடைய அக்கா இருக்கிற அதே கனடாவில்தான் 1985 இல் ஐஸ் ஹொக்கி ஆட்டக்காரர்களை வைத்து இதை ஆராய்ந்து எழுதினார்கள். வருட ஆரம்பத்தில் பிறந்தவர்கள்தான் மேல்மட்ட அணிகளில் நிறைந்திருந்தார்கள்.

குகன்: பரிகாரம்?

தரகர்: எள்ளெண்ணெய் எரித்துப் பயனில்லை. தெரிவில் விழுந்தால் அழாமல் அடுத்த வருடமும் கூட்டிக்கொண்டு போம். உயரத்தைப் பார்த்துத் தள்ளாமல், பந்து காலில் ஒட்டுகிறதா என்று பார்க்கிற இடமாகத் தேடும். இரண்டாவது வரன்?

குகன்: அங்கே பயிற்சியை நேரில் பார்த்தேன். ஒழுங்கு என்றால் ஒழுங்கு. முப்பது பிள்ளைகள், ஒரே வரிசை. ஒவ்வொருவனாக வந்து பந்தை அடித்துவிட்டுப் போய் மறுபடி வரிசையில் நின்றான்.

தரகர்: எத்தனை பந்து?

குகன்: ஒன்று.

தரகர்: அது பயிற்சியா, நல்லூர் அன்னதான வரிசையா? உம்முடைய மகன் ஒரு மணித்தியாலத்தில் எத்தனை தரம் பந்தைத் தொட்டான்?

குகன்: ஐந்து. ஆறாவது முறை வருவதற்குள் மழை வந்துவிட்டது. பிறகு இரண்டாகப் பிரித்துப் பதினொருவருக்குப் பதினொருவர் ஆட்டம். மகனைக் கோலுக்குள் விட்டார்கள்.

தரகர்: பெரியவர்களுடைய கோலா?

குகன்: ஓம்.

தரகர்: 7.32 மீற்றர் அகலம், 2.44 உயரம். உம்முடைய பிள்ளை நாலரை அடி. கோபுரவாசலில் காவலுக்கு நின்ற அணில்! இங்கிலாந்தில் பத்து வயதுக்குட்பட்டோர் பிரிவுப் பிள்ளைகளை ஏழுபேர் அணியாகச் சின்ன மைதானத்தில்தான் ஆட விடுகிறார்கள். பந்தும் பெரியவர்களுடைய ஐந்தாம் இலக்கம் அல்ல, நாலாம் இலக்கம். மைதானம் சின்னதாக இருந்தால்தான் எல்லாக் காலுக்கும் பந்து வரும். எத்தனை கோல் விட்டான்?

குகன்: ஒன்பதுக்குப் பிறகு நான் எண்ணவில்லை.

தரகர்: மூன்றாவது?

குகன்: அங்கே பயிற்றுநர் ஒரு பிள்ளையை எல்லோருக்கும் முன்னால் மாடு என்று...

தரகர்: வேண்டாம். அடுத்தது.

குகன்: மூன்றுதான் ஐயா.

தரகர்: முதலாவது இடத்தில் வாரத்தில் எத்தனை நாள்?

குகன்: ஆறு. காலை ஐந்தரைக்குப் புலமைப்பரிசில் ரியூசன், பிறகு பாடசாலை, பிறகு மறுபடி ரியூசன், நாலரைக்கு உதைபந்தாட்டம். ஞாயிறு வயலின்.

தரகர்: பிள்ளை எப்போது மூச்சு விடுகிறான்?

குகன்: ரியூசனில் விடுவான் என்று நினைக்கிறேன்.

தரகர்: அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமே வாரத்தில் ஒன்று இரண்டு நாள் ஓய்வு கொடுக்கச் சொல்கிறது. ஒரே விளையாட்டில் ஊன்றுவதைப் பதினைந்து, பதினாறு வயது வரை தள்ளிப்போடவும் சொல்கிறது. என் மூத்த பேரன் பன்னிரண்டு வயதில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியில் இருந்தவன். எலும்பு வளர்கிற வயது, ஓய்வில்லாத ஓட்டம். மூன்று மாதம் பந்தையே தொடவில்லை. அதற்குள் நான்தான் அழுது முடித்தேன். (கொஞ்சம் மெளனம்) அது சரி, மாப்பிள்ளைக்குச் சம்மதமா?

குகன்: யாருக்கு?

தரகர்: வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாரே, அவருக்கு.

குகன்: அவனிடம் ஏன் ஐயா கேட்க வேண்டும்? நான் அப்பா.

தரகர்: ஐம்பது வருடத் தொழிலில் நான் கண்ட முறிந்த கலியாணங்கள் எல்லாம் இந்த வசனத்தில்தான் தொடங்கின. போய்க் கேட்டுவிட்டு வாரும்.

(குகன் ஒழுங்கைக்குப் போகிறார். தரகர் பத்திரிகையைப் பொறுக்கி எடுத்து விசிறுகிறார். குகன் முகம் தொங்க வருகிறார்.)

குகன்: மூன்றும் வேண்டாமாம்.

தரகர்: ஆட விருப்பமில்லையா?

குகன்: விருப்பமாம். ஆனால் பாடசாலை மைதானத்தில் பின்னேரம் விளையாட்டு ஆசிரியர் பழக்குகிறாராம், அங்கே போகவேண்டுமாம். பக்கத்து வாங்குச் சிநேகிதன் அங்கேதான் போகிறான். ஒரு மாதமாக இவனும் ஒளித்துப் போய் வந்திருக்கிறான் ஐயா! வயலின் பையோடு!

தரகர்: அடடா. காதல் கலியாணம். எத்தனை பந்து என்று கேட்டீரா?

குகன்: ஏழு. ஒன்றில் காற்று நிற்காதாம்.

தரகர்: ஆசிரியர் சத்தம் போடுகிறவரா?

குகன்: கோல் விட்டால் சிரிப்பாராம்.

தரகர்: நல்லது. என்றாலும் நாளைக்குச் சொல்லாமல் போய் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அரை மணித்தியாலம் பாரும். அந்த ஆசிரியரிடமும் சான்றிதழைக் கேளும். காதல் என்பதற்காக விசாரிக்காமல் விடக்கூடாது. எனக்குத்தான் இதில் தரகுக்காசு ஒரு சதமும் இல்லை.

குகன்: அது கிடக்கட்டும் ஐயா. அக்காவுக்கு என்ன சொல்வேன்? சப்பாத்து வாங்க டொலர் அனுப்பிவிட்டாள்.

தரகர்: காதல் கலியாணத்தை வெளிநாட்டு அக்காவுக்கு எப்படிச் சொல்வார்கள்? முதலில் சொல்லவே மாட்டார்கள். இரண்டு வருடம் கழித்துப் படம் மட்டும் அனுப்புவார்கள்.