கோபத்தில் எழுந்து போங்கள், ஆனால் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள்

"கம்முனு இரு கண்ணு, தானா சரியாயிடும்." புருஷன் பொண்டாட்டி சண்டைக்கு எங்கள் சேலத்துப் பெரியவர்கள் சொல்லும் வைத்தியம் இது. பாதிதான் சரி.

சண்டை முற்றும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100-ஐத் தாண்டும். அப்போது எதிரில் இருப்பவர் பேசுவது காதில் விழும், மண்டையில் ஏறாது. தம்பதிகளைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன், உடம்பு தணியக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும் என்கிறார். எழுந்து போவது தப்பில்லை. சொல்லாமல் போவதுதான் வினை.

கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். "அவ எப்படி அப்படிக் கேக்கலாம்" என்று மனசுக்குள் ஓட்டிக்கொண்டே போனால், ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கினாலும் கோபம் இறங்காது. (அந்தக் கோபத்தோடு மலைப்பாதையில் வண்டியே ஓட்டக் கூடாது, அது வேறு.) வீட்டில் மனைவி போன் மேல் போன் போடுவார், கூப்பிடக் கூப்பிட இவர் எடுக்க மாட்டார். ராத்திரி தட்டுவடை செட் பார்சலோடு வந்து ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு டிவியைப் போடுவார். இவர் கணக்கில் சமாதானம் ஆயிற்று. உள்ளே வைத்த கேரட், பீட்ரூட் துருவலின் ஈரம் இறங்கி தட்டுவடை நமத்துப் போகும்வரை அதை யாரும் தொட மாட்டார்கள்.

எழும்போதே நேரம் சொல்லுங்கள்: "இப்பப் பேசினா வார்த்தை தடிச்சுடும், எட்டு மணிக்குப் பேசலாம்." 20 நிமிடத்துக்குக் குறையாமல், மறுநாளைத் தாண்டாமல். நடக்கலாம், துணி மடிக்கலாம். அம்மாவுக்குப் போன் போட்டு ஒப்பிக்கக் கூடாது, அது அடுப்பை மறுபடி ஊதுவது. நேரம் கேட்டவரேதான் பேச்சை மறுபடி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் கோட்டை விடுவது இங்கேதான். நகைச்சீட்டுப் பணம் பற்றிய சண்டை என்றால் நகைச்சீட்டு மட்டும் பேசுங்கள். நாத்தனார் கல்யாணத்தை இழுக்காதீர்கள்.

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் வீட்டிலேயே தறி ஓடும். பேசாவிட்டாலும் வேலை நிற்காது, அதனால் பிள்ளை தூது போகும். "பாவு தீந்துருச்சுன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு." அப்பா நாலடி தள்ளித்தான் நிற்பார். பள்ளிக்கூடம் போகும் காலையில் வயிற்றுவலி என்கிற குழந்தைக்கு ஸ்கேன் நார்மலாக வந்தால், வீட்டில் யார் யாரிடம் பேசவில்லை என்றும் ஒருமுறை பாருங்கள்.

அடி விழுகிற வீட்டுக்கு இந்த யோசனை பொருந்தாது. அங்கே மனைவி வாயை மூடிக்கொள்வது தற்காப்பு; "மனசு விட்டுப் பேசும்மா" என்று தள்ளாதீர்கள். பெண்கள் உதவி எண் 181.

கோபமே இல்லாமல், தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் இரண்டு வாரத்துக்கு மேல் ஒடுங்கிக் கிடந்தால் மன அழுத்த நோயாக இருக்கலாம். அதை வீம்பு என்று திட்டாமல் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். வர மறுத்தால், நீங்களாவது மனநல உதவி எண் 14416-க்குக் கூப்பிட்டு என்ன செய்யலாம் என்று கேளுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.